ஹோம் தியேட்டர் கேபினெட்டை முதுகுப் பக்கத்திலிருந்து யோசியுங்கள்

கேள்வி இது: "ஹாலில் 55 இன்ச் டிவி, ஒரு ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இருக்கிறது. சுவர் முழுக்க அடைத்து, கதவு போட்டு, ஒயர் ஒன்றுகூடத் தெரியாமல் செய்துவிடலாம் என்கிறார் ஆசாரி. அவர் சொல்லும் தொகை கட்டுப்படியாகவில்லை. நானே செய்ய முடியுமா? என்ன பலகை, என்ன அளவு?"

முடியும். 8×4 அடி பிளைவுட் ஷீட் ஒன்றே போதும். வெட்டும் அளவுகளைக் கீழே தருகிறேன். அதற்கு முன்னால், ஆசாரி சொன்ன "சுவர் முழுக்க அடைத்து" என்பதைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

நம் ஊரில் டிவிக்கு மரவேலை என்றாலே கண்முன் வருவது ஷோகேஸ். நடுவில் டிவிக்கு ஒரு குழி, இரு பக்கமும் கண்ணாடிக் கதவு, உள்ளே பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், தாஜ்மகால் பொம்மை, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கடிகாரம். சாலிடேர், டயனோரா காலத்தில் டிவிக்கே மரப்பெட்டியும் இழுத்து மூடும் ஷட்டரும் உண்டு. அந்த ரசனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தாஜ்மகால் பொம்மை சூடாவதில்லை. ரிசீவர் சூடாகும்.

நான் முதன்முதலில் செய்த கேபினெட் ஆசாரி சொல்வதைப் போன்றதுதான். பின்னால் 6 மி.மீ. பலகை அடித்து, முன்னால் கண்ணாடிக் கதவு போட்டு, ரிசீவரை உள்ளே வைத்துப் பூட்டினேன். மார்கழியில் ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்று சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மேசைமேல் வைத்து நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒரு பழுதும் இல்லை சார்" என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து உள்ளே வைத்தால் மறுபடியும் அதே சிவப்பு விளக்கு. மூன்றாம் தடவைதான் உறைத்தது. மேசைமேல் அதற்கு மூச்சு இருந்தது, என் பெட்டிக்குள் இல்லை. சுத்தியலை எடுத்துப் பின்பலகையைத் தட்டிக் கழற்றிய அன்றோடு அந்த நோய் தீர்ந்தது.

வீட்டு ரிசீவர்களில் பெரும்பாலானவை கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபையர். மின்சாரத்தில் கணிசமான பங்கை அவை வெப்பமாகவே கழிக்கும். சத்தம் குறைத்து வைத்தாலும் சூடு இருக்கும். மேல்தகட்டில் வரிவரியாகத் துளைகள் இருப்பது அதற்காகத்தான். சூடான காற்று மேலே போகும். அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வர வேண்டும். கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல் என்ற இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது. அதனால்தான் முதலில் முதுகுப் பக்கத்தை வரையுங்கள் என்கிறேன். காற்று வெளியேறுவது அங்கே, ஒயர்கள் எல்லாம் அங்கே, எதையாவது கழற்றி மாட்ட நீங்கள் கையை நுழைக்கப்போவதும் அங்கே. முன்பக்க அழகைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி அளவுக்கு வருவோம். பெட்டியை அளப்பதற்கு முன்பே டிவியின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். சோபாவில் உட்கார்ந்து தரையிலிருந்து கண் வரைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 40 இன்ச் சுற்றி வரும். திரையின் நடு அதற்கு அருகில் இருக்க வேண்டும். ஷோரூமில் மாட்டியிருப்பதைப் போல மேலே ஏற்றினால் கழுத்து வலிதான் மிச்சம். 55 இன்ச் டிவி சுமார் 48 இன்ச் அகலம், 28 இன்ச் உயரம் இருக்கும். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 28 இன்ச்சில் நிற்கும்படி சுவரில் மாட்டினால் நடு 42 இன்ச்சுக்கு வரும், சரியாக இருக்கும். உட்காரும் தூரம் திரையின் மூலைவிட்ட அளவைப்போல 1.2 முதல் 1.6 மடங்கு என்பது பொதுக்கணக்கு. 55 இன்ச்சுக்கு அது ஐந்தரை அடியிலிருந்து சுமார் ஏழே கால் அடி. உங்கள் சோபா 8 அடியில் இருந்தாலும் குடி முழுகிவிடாது.

இப்போது டிவிக்குக் கீழே 28 இன்ச் இடம் இருக்கிறது. கேபினெட் உயரத்தை 20 இன்ச் ஆக்கினால் மேலே 8 இன்ச் மிச்சம். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கர் அந்த இடைவெளியில்தான் உட்கார வேண்டும். அதைப் பெட்டிக்குள் தள்ளி வைக்காதீர்கள். உள்ளே ஆழமாக வைத்தால் சுற்றியுள்ள பலகையில் ஒலி பட்டுத் திரும்பி, வசனம் பானைக்குள்ளிருந்து பேசுவதைப் போலக் கேட்கும். மேல்பலகையின் முன்விளிம்போடு ஒட்டி வையுங்கள். ஸ்பீக்கர் தரையிலிருந்து 24 இன்ச்சில், காது 40 இன்ச்சில், தூரம் 8 அடி என்றால் ஏறக்குறைய 10 டிகிரி நிமிர வேண்டும். 8 இன்ச் ஆழமுள்ள ஸ்பீக்கருக்கு முன்பக்கம் சுமார் ஒன்றரை இன்ச் தூக்கினால் அந்தக் கோணம் வந்துவிடும். அப்படித் தூக்கியும் டிவியில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவுக்கு வைக்கும் ரப்பர் கட்டை இரண்டு போதும். அதிர்வு பலகைக்கு இறங்காமலும் அது தடுக்கும்.

சப்வூஃபருக்கும் (அடித்தொனி தரும் பெரிய ஸ்பீக்கர்) பெட்டிக்குள் இடம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது தரையில் இருக்க வேண்டிய சாமான். உள்ளே வைத்தால் கீல், கதவு, டிராயர் எல்லாம் சேர்ந்து கச்சேரி செய்யும்.

அகலம் 66 இன்ச், ஆழம் பதினைந்தே முக்கால், கால்களோடு சேர்த்து உயரம் 20. ஏன் இந்த அகலம் என்றால், பிளைவுட் ஷீட் 96×48 இன்ச். 48 இன்ச்சை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிளந்தால் ஒவ்வொன்றும் 16 வர வேண்டும். ஆனால் வட்ட ரம்பத்தின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும், ஆசாரி கணக்கில் ஒரு நூல். ஓரம் சுத்தம் செய்யவும் கொஞ்சம் போகும். ஆகவே பதினைந்தே முக்கால் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. முதல் பட்டையில் 66 இன்ச் மேல்பலகை போக 30 இன்ச் மிச்சம். அதில் பதினாலரை இன்ச் நீளத்தில் இரண்டு பக்கப்பலகை. இரண்டாம் பட்டையில் 66 இன்ச் அடிப்பலகை. அதன் மிச்சத்தில் அதே பதினாலரையில் இரண்டு நடுத்தடுப்பு. மூன்றாம் பட்டையில் 21 இன்ச்சில் இரண்டு ஷெல்ஃப். அதற்குமேல் மிஞ்சுவதில் 21 நீளம், 4 அகலத்தில் ஆறு பட்டி கிடைக்கும். இவைதான் முதுகுப் பலகைக்குப் பதிலாகப் போகிறவை. உண்மையில் ஐந்துதான் தேவை. ஆறாவது, தப்பாக வெட்டப்போகும் ஒன்றுக்காக.

இரண்டு தடுப்பு வைத்தால் மூன்று அறைகள். ஒவ்வொன்றும் உள்ளளவில் ஏறத்தாழ 21 இன்ச். ரிசீவர்கள் பெரும்பாலும் 17 இன்ச் அகலம், ஆக இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ச் காற்றுக்கு. உயரம் ஆறு ஏழு இன்ச் இருக்கும், தலைக்குமேல் ஏழெட்டு இன்ச் காலி. அந்த அறையில் ஷெல்ஃப் போடவே கூடாது. காலியாக இருக்கிறதே என்று செட்டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றவும் கூடாது. ஷெல்ஃப் இரண்டும் மற்ற இரு அறைகளுக்கு. பிளேஸ்டேஷன் 5 இருந்தால் படுக்கவைக்கத்தான் முடியும். முதலில் வந்த மாடலின் நீளம் 39 செ.மீ., நிற்க வைத்தால் மேலே இடிக்கும்.

ஆழம் போதாதே என்று யாராவது கேட்பார்கள். ரிசீவர் 13 முதல் 15 இன்ச் வரை, அதற்குப் பின்னால் விறைப்பான எச்.டி.எம்.ஐ. கேபிள் வளைய இன்னும் மூன்று இன்ச் வேண்டும். சரிதான். பெட்டியைச் சுவரிலிருந்து மூன்று இன்ச் தள்ளி நிறுத்துங்கள். முதுகு திறந்திருப்பதால் அந்த மூன்று இன்ச்சும் உங்கள் ஆழத்தில் சேர்ந்துவிடும். சூடான காற்று ஏறிப்போகும் புகைபோக்கியும் அதுவே. எப்போதாவது பேனாவோ ரிமோட்டோ அதில் விழும். விழட்டும்.

முதுகே இல்லாத பெட்டி பக்கவாட்டில் ஆடும். அதைத் தடுக்கத்தான் அந்த 4 இன்ச் பட்டிகள். மற்ற இரு அறைகளில் பின்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. ரிசீவர் அறையில் கீழே மட்டும். மேலேயும் அடித்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே அறையின் அடிப்பலகையில், ரிசீவருக்கு நேர் கீழே, 2 இன்ச் ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாகத் துளை எடுக்கும் பிட்) போட்டு ஆறேழு துளை எடுங்கள். குளிர்காற்று வரும் வாசல் அது. இதற்குமேலும் கோடையில் சூடு தாங்கவில்லை என்றால் 5 வோல்ட் யு.எஸ்.பி. ஃபேன் ஒன்றைப் பின்பக்கம் மேலே, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டலாம். டிவியின் யு.எஸ்.பி.யில் செருகினால் பெரும்பாலும் டிவியோடு சேர்ந்தே ஓடி நிற்கும்.

பலகைத் தேர்வில் கடைக்காரர் உங்களை மேலே மேலே ஏற்றப் பார்ப்பார். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளைவுட், சமையலறைத் தொட்டிக்குக் கீழே வேண்டுமானால் சரி, ஹாலுக்கு வீண் செலவு. சாதாரண பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303-இல் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம் உண்டு. முதலாவது ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும். இரண்டாவது கொதிநீர்ச் சோதனையைத் தாண்டியது. நம் வீடுகளில் தினமும் ஈரத்துணி போட்டுத் தரை துடைக்கிறோம், அதனால் நான் பி.டபிள்யூ.ஆர். 18 மி.மீ. எடுப்பேன். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, தண்ணீர் பட்டால் ஊறவைத்த ரஸ்க்தான். எம்.டி.எஃப். வழுவழுப்பாக இருக்கும், பெயின்ட் அடிக்க நல்லது, ஆனால் அதுவும் தண்ணீருக்குப் பயப்படும். கால் 4 இன்ச் உயரம் இருக்கட்டும். துடைப்பம் உள்ளே போகும், கரையான் ஏறினால் கண்ணில் படும். ஆறு கால் வையுங்கள், நடு இரண்டும் தடுப்புகளுக்கு நேர் கீழே.

தடுப்பு இல்லாமல் ஒரே நீளமாகத் திறந்து வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். பலகை தொய்வது நீளத்தின் மும்மடியைப் (நீளம் × நீளம் × நீளம்) பொறுத்தது. ஒரே எடையை இரண்டு மடங்கு நீளத்தில் பரப்பினால் தொய்வு எட்டு மடங்கு. தடிமனிலும் அதே கணக்கு, திருப்பிப் போட்டு: 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 போட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். 12-இல் செய்தால் காசு மிச்சம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். முழு ஷீட் 30 கிலோவுக்குக் குறையாது. அதைத் தனியாளாகத் தரையில் போட்டு நேர்க்கோட்டில் பிளப்பது முதல்முறை செய்பவருக்குச் சிரமம். பிளைவுட் கடைகள் சிலவற்றிலேயே பேனல் சா (முழு ஷீட்டை நேராக அறுக்கும் மெஷின்) இருக்கிறது. நீளவாக்கில் மூன்றாகப் பிளக்கும் அந்த இரண்டு வெட்டையும் அங்கேயே கூலி கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். மற்ற குறுக்கு வெட்டுகளை வீட்டில் கை வட்ட ரம்பத்தால் செய்யலாம், நேரான அலுமினியப் பட்டை ஒன்றை வழிகாட்டியாகக் கிளாம்ப் போட்டு. பிளேடின் பற்கள் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலும்பு எழும். பக்கப்பலகை இரண்டும் தடுப்பு இரண்டும் நூல் பிசகாமல் ஒரே உயரம் இருக்க வேண்டும். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே ஓட்டத்தில் வெட்டினால் அந்தக் கவலை இல்லை. ரம்பத்துக்கு அவ்வளவு ஆழம் எட்டாவிட்டால் வழிகாட்டியை நகர்த்தாமல் இரண்டிரண்டாக. ஷெல்ஃபையும் பட்டிகளையும் இப்போதே 21-க்கு வெட்டிவிடாதீர்கள். மைக்கா ஒட்டியபின் ஒவ்வொரு பலகையும் 20 மி.மீ. ஆகிவிடும், உள்ளளவு அரை நூல் சுருங்கும். பெட்டியைக் கூட்டியபின் அந்தந்த இடத்தில் அளந்து வெட்டுங்கள்.

மைக்கா ஒட்டுவதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: தெரியும் பக்கம் மட்டும் ஒட்டுவது. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பலகை சில மாதங்களில் வில்லாக வளையும். மறுமுகத்திலும் மலிவான 0.8 மி.மீ. ஒன்றை ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். உள்முகங்களை, கூட்டுவதற்கு முன்பே ஒட்டி, பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பெட்டி ஆனபிறகு மூலைக்குள் மைக்காவைப் பொருத்துவது நரகம். நிறம் உங்கள் இஷ்டம், ஆனால் பளபளப்புக் கறுப்பு மட்டும் வேண்டாம். இருட்டில் படம் பார்க்கும்போது டிவிக்குக் கீழே இன்னொரு டிவி தலைகீழாக ஓடும். பகலில் தூசி ஓடும்.

கூட்டும்போது மரப்பசையும் ஸ்க்ரூவும் இரண்டும் வேண்டும். பசை பலகையோடு பலகையைத்தான் பிடிக்கும், மைக்காவோடு பிடிக்காது. ஆகவே சந்திப்பு வரும் இடத்தை மட்டும் மைக்கா இல்லாமல் விடுங்கள். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு 2 இன்ச் ஸ்க்ரூ, ஐந்தாறு இன்ச்சுக்கு ஒன்று. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அது நொறுங்கும் ஜாதி, இறுக்கும்போதே தலை துண்டாகும். நான்கு மூலையும் பூட்டியதும் மூலைக்கு மூலை குறுக்கே இரு பக்கமும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணம். இல்லையென்றால் பசை காயுமுன் நீளமான மூலையைப் பிடித்து அழுத்தி நேராக்கி, பின்பட்டிகளை அப்போதே அடித்துவிடுங்கள்.

மின்சாரம். எல்லா சாதனங்களுக்கும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுத்தால் ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' என்ற உறுமலுக்கு வாய்ப்புக் குறைவு. கரண்ட் ஒயரும் ஆடியோ ஒயரும் ஒரே கட்டாகக் கட்டப்படக் கூடாது. குறுக்கே கடந்து போகலாம், கூடவே ஓடக் கூடாது. டிவிக்குச் சுவருக்குள் பைப் போடுவதாக இருந்தால் முக்கால் இன்ச் பைப்பில் எச்.டி.எம்.ஐ. தலை நுழையாது. ஒன்றரை இன்ச்சாவது போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள், நாளைக்குக் கேபிள் மாற்ற வேண்டிவரும். டிவி மாட்டும் சுவர் செங்கல்லா, புது அடுக்குமாடிகளில் வரும் இலேசான ஏ.ஏ.சி. பிளாக்கா என்று முதலில் பாருங்கள். பிளாக் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நாளடைவில் தளரும், அதற்கென்று விற்கும் ஆங்கரைத்தான் போட வேண்டும்.

கடைசியாகக் கதவு. ரிசீவர் அறைக்குக் கதவே வேண்டாம் என்பது என் கட்சி. மற்ற இரண்டுக்கும் பலகைக் கதவு போட்டால் ரிமோட் வேலை செய்யாது. நிறக் கண்ணாடி ரிமோட்டை விடும், காற்றை விடாது. இரண்டையும் விடுவது பிரம்புப் பின்னல். நாற்காலியில் பார்த்திருப்பீர்களே, எண்கோண ஓட்டை உள்ளது, அதைச் சுருளாக மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து, மரச்சட்டத்தின் காடியில் (நீளப் பள்ளத்தில்) இழுத்துச் செருகினால் காய்ந்ததும் மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பெட்டிகளும் ஒயர்களும் வெளியே அவ்வளவாகத் தெரியாது, சின்ன நீல விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரியும்.

ஆனால் அந்தச் சட்டம் செய்வதற்குப் பொளி (மரத்தில் குடையும் துளை) எடுத்துக் கழுந்து (அதில் செருகும் முனை) பொருத்தும் கை வேண்டும். கீல் ஒரு நூல் தப்பினாலும் இரண்டு கதவும் முகம் கொடுக்காது. பெட்டியை நீங்கள் முடித்துவிட்டு, இந்த இரண்டு கதவை மட்டும் அதே ஆசாரியிடம் கொடுங்கள். அளவெடுக்க வரும்போது, பின்னால் ஏன் பலகை அடிக்கவில்லை என்று கட்டாயம் கேட்பார். படம் ஒன்றை ஓடவிட்டு, ரிசீவருக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.